இருபத்தேழில் நிறுத்து

மஞ்சள் நீராட்டு விழா
எழுபத்து மூன்று சதவீதத்தில் நின்றது.
மூன்றாவது முறை.
பெட்டி தானே அணைந்துகொள்ள
கறுத்த திரையில் என் முகம் தெரிந்தது,
மூக்கு நுனியில் ஒரு சொட்டு.

கொருக்குப்பேட்டை. சிமெண்டு ஷீட்டுக் கூரை.
மே மாதம், பகல் இரண்டு மணி.
சிப்பின் சூடு தொண்ணூற்றாறு காட்டி
அதற்குமேல் என்னால் ஆகாது என்றுவிட்டது.
பெண்ணின் தாய்மாமன் போனில் கேட்கிறார்,
"சிடி எப்ப தருவ? பொண்ணு காலேஜே முடிச்சிரும் போல."

ஏசி மெக்கானிக் டெல்லிபாபு வந்து
பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு
நான் வைத்திருந்த டேபிள் ஃபேனைப் பார்த்தான்.
சிரிக்கக்கூட இல்லை.
"காத்தே கொதிக்குது. அத்த வச்சு இன்னாத்த ஆத்துவ?"

மூலகொத்தளத்துக் காயலான் கடையில்
தராசுக்குக் காத்திருந்தது ஒரு ஜன்னல் ஏசி.
முன்முகம் இல்லை. கம்ப்ரஸருக்கு உயிர் இருந்தது.
ஆயிரத்து எண்ணூறு.
கேஸ் போகாமல் காயிலை வளைத்து இறக்கவேண்டும்.
ஒரு விரிசல், ஒரு 'உஸ்',
அதோடு ஆயிரத்து எண்ணூறும் காற்று.
கைக்குழந்தையின் கையைச் சட்டைக்குள் நுழைப்பதுபோல
அரை மணி நேரம் வளைத்தான்,
பீடியைக்கூடப் பற்றவைக்காமல்.

காயில் உட்கார்ந்தது காசிமேட்டு மீன் பெட்டியில்.
நான்கு தடவை சோப்புப் போட்டும்
அந்தத் தெர்மகோலை விட்டு வஞ்சிரம் போகவில்லை.
கொளத்தூர் மீன் தொட்டிக் கடையில் மோட்டார்.
காருக்கு ஊற்றும் பச்சைத் தண்ணீர்.
சிப்பின் தலையில் உட்கார
தீப்பெட்டி அளவில் ஒரு செம்புக் கட்டி,
லேத்தில் நிற்கும் அமலோற்பவம்
முதலாளிக்குத் தெரியாமல் கடைந்து தந்தாள்.
கூலி வேண்டாம் என்றாள்,
அவள் தம்பி கல்யாண வீடியோவில்
மச்சானை வெட்டித் தூக்கிவிட்டால் போதும்.

முதல் ராத்திரி தண்ணீர் இரண்டு டிகிரி.
சிப்பு பதினொன்று.
வடசென்னையில் அந்த நேரம்
அவ்வளவு குளிர்ந்து கிடந்தது
பிணவறையும் அதுவும்தான்.
நாங்கள் இருவரும் குழாயைக் கன்னத்தில் வைத்துக்கொண்டோம்.

காலையில் போர்டு முழுக்கச் சொட்டு.
சூட்டில் நாங்கள் வேர்த்தோம்,
குளிரில் அது வேர்த்திருந்தது.
ஒரு ராம் ஸ்டிக் போனது. இரண்டாயிரத்து நூறு.

"ஊரே ஈரம்பா. கடல் பக்கத்துல கீது.
ஜில்லுனு எத்த வச்சாலும் வந்து ஒட்டிக்கும்."
குழாய்க்குக் கறுப்பு நுரையைச் சுற்றி
தெர்மோஸ்டாட்டின் திருகை
கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனான்.
பத்து. பதினெட்டு. இருபத்துநாலு.
குழாய் காயும்வரை.
"இருபத்தேழுல நிறுத்து. பேராசப்படாத."

அன்று விழா நூறு சதவீதம் முடிந்தது.
சிப்பு நாற்பத்து நான்கு.

ஆனால் சூடு அழிகிற சாமான் இல்லை,
வீடு மாற்றிக்கொள்ளும்.
ஏசியின் முதுகு சந்தைப் பார்த்து இருந்தது.
எதிர் ஜன்னலில் பல்கீஸ்.
"உன் மிஷினு குளுகுளுனு இருக்க
நாங்க வேகணுமா?"
பதில் இல்லாததால்
மாலை ஆறு முதல் பத்து வரை அணைத்து வைத்தேன்.
அப்போதுதான் கரண்டும் போகும் என்பதை
அவளிடம் சொல்லவில்லை.

நவம்பர். ஆறாம் நாள் மழை.
சந்தில் முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர்.
பல்கீஸ் ஜன்னலில் நின்று
யாரையும் பார்க்காமல் கேட்டாள்,
"அத்த இன்னிக்குப் போடலியா?"
அவள் கையில் பையனின் யூனிஃபார்ம்,
நாளைக்குப் பரீட்சை.

கம்ப்ரஸர் சும்மா எழாது,
சிப்பு கொதித்தால்தான் எழும்.
கையில் வேலை இல்லை. சீசன் முடிந்திருந்தது.
பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து
யாரோ ஒருவரின் கல்யாணத்தை எடுத்து
உயர்ந்த தரத்தில் மறுபடி ஓடவிட்டேன்.
மாலை மாற்றினார்கள். தாலி கட்டினான்.
எல்லாரும் அட்சதை போட்டார்கள்.
வெளியே, ஏசியின் முதுகில்,
வெள்ளைச் சட்டை ஒன்று
காற்று நிறைந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தது.